லாக்ஸ்டன் வயல்களில் வழிகாட்டியுடன் அரைநாள் நடை: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையரிலுள்ள லாக்ஸ்டன் கிராமத்துக்கு நடைப்பயணம் அழைத்துச் செல்லும் ஒரு சிறு சுற்றுலா நிறுவனத்தின் வழியாகச் சென்ற அக்டோபரில் அங்கே போய்வந்தேன். ஊரின் நிலமும் குடிகளும் ஒரு பிரபுவின் ஆளுகையில் இருந்த இடைக்கால மேனர் முறையின் பொது வயல்களும் அவற்றை ஆளும் ஊர்மன்றமும் இன்றுவரை ஒருசேர நிலைத்திருக்கும் ஊர் அது. அத்தகைய ஊரைக் காட்டுவதற்குப் பொறுப்பு அதிகம் என்பதால், நிறைகுறை இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

பயணத்தின் சிறந்த பகுதி மில் ஃபீல்ட் எனப்படும் வயலில் கழிந்த ஒரு மணி நேரம். அங்கே வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. ஒரே வெளியாகத் தோன்றும் அந்த நிலம் பல உழவர்களுக்குரிய நீண்ட பட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரே குடும்பத்தின் பட்டைகள் மில் ஃபீல்ட், வெஸ்ட் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட் என்ற மூன்று வயல்களிலும் சிதறியிருக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதில் தரிசு அல்லது தீவனப்புல் என்று ஆண்டுதோறும் சுழற்சி நடக்கிறது. அறுவடை முடிந்ததும் ஊர்க் கால்நடைகள் அனைத்தும் ஒரே வயலில் மேய்ந்த காலத்தில், ஒருவர் மட்டும் தம் விருப்பப்படி விதைக்கவோ அறுக்கவோ முடியாது. ஆகவேதான் ஊர் கூடி விதி வகுக்க வேண்டியிருந்தது. இந்தக் காரணத்தை வழிகாட்டி இரண்டு பட்டைகளுக்கு நடுவிலிருந்த உழவுச்சாலில் நின்று, அண்டை நிலத்துக்குள் ஓர் அடி தள்ளி உழுதால் என்ன ஆகும் என்று கைத்தடியால் கோடிட்டுக் காட்டி விளக்கியது மிக நன்றாக இருந்தது. ஏர் செல்ல முடியாத இடங்களில் விடப்பட்ட, சைக் எனப்படும் புல்தரைகளையும் அவர் மறக்காமல் காட்டினார்.

அந்த விதிகளை இன்றும் காப்பது லீட் எனப்படும் மேனர் மன்றம். நவம்பர் இறுதியில் ஊர் ஜூரியினர் கோதுமை விதைத்த வயலுக்குச் சென்று எல்லைகளைப் பார்வையிட்டு முளை அடிக்கிறார்கள். பாதையிலோ புல்தரையிலோ ஏர் ஏற்றியவர்களைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து டவ்கோட் விடுதியில் மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. பிரபுவின் பெயரால் கூடினாலும், குற்றம் கண்டு சொல்பவர்கள் அதே மண்ணை உழும் அண்டை வீட்டார்தாம். எனக்கு இந்த ஊரின் உயிர்நாடியே இதுதான். ஆனால் எங்கள் பயணத்தில் இதற்குக் கிடைத்தது பத்து நிமிடங்கள் மட்டுமே. அதற்கு மாறாக, நார்மானியர் காலக் கோட்டையின் மண்மேட்டில் நெடுநேரம் நின்றோம். மேடு அழகானதே, எனினும் அதுபோன்ற மேடுகள் இங்கிலாந்தில் எத்தனையோ ஊர்களில் உள்ளன.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். பழைய உழவர்கள் அனைவரையும் வழிகாட்டி ‘பிரபுவின் அடிமைகள்’ என்றே குறிப்பிட்டார். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் வில்லன் (villein) எனப்பட்ட, பிரபுவுக்குக் கட்டுப்பட்ட கட்டுக்குடிகள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் அதே காலத்தில் சுதந்திரக் குடிகளும் இருந்தார்கள். 1348–49 கொள்ளைநோய்க்குப் பின் ஆள்பற்றாக்குறையால் அந்தக் கட்டுகள் தளர்ந்து, 1635இல் மார்க் பியர்ஸ் இவ்வூரின் புகழ்பெற்ற நில வரைபடத்தைத் தீட்டியபோது அந்தக் கட்டுக்குடி முறை நாட்டில் ஏறக்குறைய மறைந்தே விட்டது. பட்டை பட்டையாக நிலங்களைக் காட்டும் அந்த வரைபடம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. அதன் பெரிய படி ஒன்றை வயலிலேயே விரித்துக் காட்டியிருந்தால் ஒரு மணி நேர விளக்கம் மிச்சமாகியிருக்கும்.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாக, சரியாகச் சொன்னார்கள்: மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து 1952இல் அரசு வாங்கிய நிலம் 1981இல் அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறி, 2020இல் மான்வர்ஸ் குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குத் திரும்பியது.

கட்டணம் நியாயமானது, குழுவும் சிறியது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். வயல் பகுதிக்காக மட்டும் போவதென்றாலும் தயங்க வேண்டாம். பதிவு செய்யும்போதே மன்றத்தைப் பற்றிக் கூடுதல் நேரம் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ளது கனத்த களிமண் என்பதால் மழைக்காலத்தில் உயரமான ரப்பர் காலணி இல்லாமல் புறப்பட வேண்டாம்.