சோலார் மின்வேலி செட்: பெட்டி நல்லது, எர்த் கம்பிதான் வம்பு

தரிசைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, மாட்டை மாற்றி மாற்றி மேய்க்க உதவும் சாமான் இது. 12 வோல்ட் பேட்டரி, சோலார் பலகை, மின்துடிப்பு விடும் பெட்டி, கம்பி இழை ஓடும் பிளாஸ்டிக் கயிறு 200 மீட்டர், ஊன்றுகுச்சிகள்.

200 மீட்டர் போதுமா? ஐப்பசி மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் வந்ததும் ஒரு சதுர மீட்டரை அறுத்து நிறுங்கள். 300 கிராம் இருந்தால் பாதியை நிலத்திலேயே விட்டுவிட வேண்டும், மாட்டுக்கு 150 கிராம்தான். மாடு ஒன்றுக்கு நாளைக்கு 30 கிலோ என்று வைத்தால் பத்து மாட்டுக்கு 2000 சதுர மீட்டர், அதாவது 50 சென்ட். சுற்றிவர 180 மீட்டர் கயிறு. ஒரு நாளைக்குச் சரி. ஆனால் தினமும் பிடுங்கி ஊன்ற ஆள் வேண்டுமே! மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுவதானால் ஒன்றரை ஏக்கர், 310 மீட்டர். இரண்டாவது சுருளையும் சேர்த்தே வாங்குங்கள்.

பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'டக் டக்'கென்று நொடிக்கு ஒரு துடிப்பு. மாட்டுக்கு வேலியின் கடைசி முனையில் 3000 வோல்ட்டாவது நிற்க வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது செட்டோடு தரும் ஒற்றை எர்த் கம்பி, அதாவது பெட்டியோடு இணைத்து மண்ணில் அடிக்கும் கம்பி. இரண்டடி நீளம், நம் செம்மண் பொட்டலுக்கு எந்த மூலைக்கு? ஆறடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி மூன்றை, பத்தடிக்கு ஒன்றாக அடித்து இணையுங்கள். சித்திரை, வைகாசியில் அவற்றின் அடியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் மாடு கயிற்றை உரசிக்கொண்டே தாண்டிவிடும்.

அடுத்த வம்பு களை. கயிற்றை ஒட்டி பார்த்தீனியம் வளர்ந்து, காலைப் பனியில் நனைந்து கயிற்றைத் தொட்டால் மின்சாரமெல்லாம் மண்ணுக்குள் போகும். கயிற்றின் அடியில் ஓரடி அகலத்துக்குச் சுத்தமாக வைத்திருங்கள். மெஷினில் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதுதான் வழி. புல் 10 செ.மீ.க்குக் கீழே போகும்வரை மாட்டை விட்டுவைத்தால் வெறும் மண் தெரியும். அடுத்த மழையில் அந்த இடம் பார்த்தீனியத்துக்குத்தான்.

சீமை உடைக்கு (சீமைக் கருவேலத்துக்கு) இந்த வேலி மருந்தாகாது. நெற்றைத் தின்ற மாடு சாணத்தில் விதையைக் கொண்டுவந்து போடும். அப்படித் தின்ற மாட்டை ஒரு வாரம் தொழுவத்தில் தீனி போட்டு நிறுத்திவிட்டுப் புதுப் பாத்திக்குள் விடுங்கள்.

பழக்கமில்லாத மாட்டுக்குக் கயிற்றில் புண்ணாக்குத் தடவிய தகரத்தைத் தொங்கவிட்டால், ஈர மூக்கால் ஒருமுறை தொட்டதும் புரிந்துகொள்ளும். வெள்ளாட்டுக்கு ஒற்றைக் கயிறு வேலி ஆகாது, வாங்க வேண்டாம்.

வீட்டு லைனை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம், குற்றமும்கூட. களக்காடு மாதிரி காப்புக்காட்டுப் பக்கத்து நிலமென்றால், தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.