லண்டன் தபால் அருங்காட்சியகம்: ஓய்வுபெற்ற சார்ட்டரோடு ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஒரு பார்சல் கம்பெனி (பெயர் வேண்டாம், விடுங்கள்) எனக்கு வர வேண்டிய பெட்டியைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு, பத்திரமாக ஒப்படைத்துவிட்டோம் என்று போட்டோவோடு மெசேஜ் அனுப்பியது. அப்பா அப்போது திருச்சியிலிருந்து வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். 34 வருஷம் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில், சார்ட்டர், அதில் பாதி ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். அந்த போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். சரி, இவருக்கு அரண்மனையும் தேம்ஸும் காட்டியது போதும், அவருடைய இடத்துக்கே கூட்டிப்போவோம் என்று அந்தச் சனிக்கிழமையே தபால் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் போட்டேன். மகனுக்கு ஒன்பது வயது, அவனும் வந்தான்.

இடம் மவுன்ட் பிளசன்ட். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஃபாரிங்டன் வரை ஒரே ரயில், அப்புறம் ஒரு கால்மணி நேர நடை. பெயரைப் பார்த்து ஏதோ பூங்கா என்று நினைக்க வேண்டாம், அந்தக் காலத்தில் ஊர்க்குப்பை கொட்டிய மேட்டுக்குக் கிண்டலாக வைத்த பெயர் அது. அப்புறம் சிறை இருந்தது, சிறையை மூடியதும் 1880களில் தபால்துறை எடுத்துக்கொண்டது. அருங்காட்சியகம் திறந்தது 2017இல்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் காட்சிக்கூடம், அந்தப் பக்கம் சுரங்க ரயில். ரயிலுக்கு நேரம் குறித்து டிக்கெட் தருகிறார்கள், அதனால் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ரயிலைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். நம்மூரில் 'மெயில்' என்றால் ஆளை ஏற்றும் வண்டி. இங்கே அந்த வண்டியில் மெயில் மட்டும்தான் ஏறியது. பாடிங்டனிலிருந்து வைட்சேப்பல் வரை 6.5 மைல், 8 நிலையங்கள், தரைக்கு 70 அடி கீழே 2 அடி அகலத் தண்டவாளத்தில் டிரைவரே இல்லாமல் மின்சாரத்தில் ஓடிய வண்டி. 1927இல் தொடங்கி 2003 வரை ஓடியிருக்கிறது. லண்டன் தெருவில் குதிரைவண்டியும் மூடுபனியும் சேர்ந்து தபாலைத் தாமதப்படுத்துகின்றன என்றுதான் இந்தத் திட்டமே. முதல் உலகப்போர் நடக்கும்போதே சுரங்கத்தைத் தோண்டி முடித்துவிட்டார்கள், ஆனால் தண்டவாளம் போட ஆளும் இல்லை பணமும் இல்லை. சும்மா கிடந்த சுரங்கத்தில் ஓவியங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள், ஜெர்மன் விமானங்கள் குண்டு போடுகிற நேரம் அது. எகிப்து எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லும் 1917இலிருந்து இரண்டு வருஷம் ஹோபர்ன் பக்கத்துத் தபால் சுரங்க நிலையத்தில்தான் பதுங்கியிருந்தது. மகனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, வழியெல்லாம் கல் எங்கே கல் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

இப்போது ஓடுவது பார்வையாளர்களுக்காகச் செய்த சின்ன வண்டி. தலைக்கு மேல் கண்ணாடி மூடி, முட்டியை மடக்கித்தான் உட்கார வேண்டும். கடிதப் பைக்காகத் தோண்டிய பாதையில் நாம் போகிறோம், அது அப்படித்தான் இருக்கும். கால்மணி நேரப் பயணம், பழைய பிளாட்பாரச் சுவர்களில் படம் ஓட்டிக் கதை சொல்கிறார்கள். இடுக்கான இடம் பயம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது. அப்பாவுக்கு? "ம், நல்லாயிருக்கு." அரண்மனைக்குச் சொன்ன அதே 'ம்'.

அவர் மாறியது தெருவுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான். இதற்கு மேல் நான் எழுதுவதில் அங்கே பார்த்தது, வீட்டுக்கு வந்து தேடிப் படித்தது, அப்பா விளக்கியது மூன்றும் கலந்திருக்கிறது.

1914இல் இந்த நாட்டுத் தபால்துறையில் இரண்டரை லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். போர் தொடங்கியதும் அதில் 75,000 பேர் ராணுவத்துக்குப் போனார்கள், 8,500 பேர் திரும்பவில்லை. பெரும்பாலும் தபால்துறை ஊழியர்களைக் கொண்ட ஒரு பட்டாளமே இருந்திருக்கிறது, போஸ்ட் ஆபீஸ் ரைஃபிள்ஸ், அதில் மட்டும் 1,800 பேர் சாவு. ஆட்கள் இப்படிக் காலியாகிற அதே நேரத்தில் கடிதங்கள் மலைபோல் குவிகின்றன, ஏனென்றால் வீட்டுக்கு வீடு ஒருத்தன் போர்முனையில். ரீஜன்ட்ஸ் பார்க்கில் 5 ஏக்கருக்கு மரத்தாலேயே ஒரு கொட்டகை போட்டார்கள். 'ஹோம் டிப்போ' என்று பெயர், உலகத்திலேயே பெரிய மரக்கட்டிடம் என்று அப்போது சொன்னார்களாம். 2,500 பேர் வேலை, பெரும்பாலும் பெண்கள். உச்சத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்களும் 10 லட்சம் பார்சல்களும் அந்தக் கொட்டகை வழியாகப் போயின.

பெரிய எண்ணைப் பார்த்து அப்பா அசரவில்லை. "பொங்கலுக்கு எங்களுக்கும் மூட்டை மூட்டையா வாழ்த்து வரும்மா" என்றார். அசந்தது முகவரியைப் பார்த்துத்தான். சிப்பாய்க்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப்பெயரே கிடையாது. எண், பதவி, பெயர், எந்தப் படைப்பிரிவு, அவ்வளவுதான். எந்தப் பட்டாளம் எந்த ஊரில் நிற்கிறது என்பது ரகசியம், உறையில் எழுதினால் எதிரிக்குத் தெரிந்துவிடும். சார்ட்டருக்கு ஊர்தான் உயிர். திருவையாறு எந்தப் பையில் போகும், எந்த ஸ்டேஷனில் இறங்கும் என்று கை தானாகப் போகும், அதற்குத்தான் வருஷக்கணக்கில் பழக்கம். ஊரே இல்லாமல் எப்படிப் பிரிப்பது? படைப்பிரிவு வாரியாகப் பிரித்தார்கள், எந்தப் பிரிவு எங்கே நகர்ந்திருக்கிறது என்ற தகவல் ராணுவத்திலிருந்து டிப்போவுக்கு வந்துகொண்டே இருந்தது. நேற்றுவரை ஒரு பையில் விழுந்த கடிதம் இன்று வேறு பையில் விழ வேண்டும். அப்பா அந்தப் பெண்களின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். பெரிய மூட்டைகளுக்கு நடுவே ஏப்ரன் கட்டிய இளம்பெண்கள். "நம்ம 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) மாதிரிதான். ஆனா நாங்க 56 ஏ.பி.ஓ.ன்னு பாத்ததும் ஒரே பையில போட்டு ராணுவத்துக்கிட்ட தள்ளி விட்டுடுவோம். மிச்சத்தை அவன் பாத்துப்பான். இதுங்க அந்த மிச்சத்தையும் செஞ்சிருக்குங்க" என்றார். எங்கள் ஊரில் யாருடைய பிள்ளை ராணுவத்தில் இருந்தாலும் முகவரி 56 அல்லது 99 ஏ.பி.ஓ.தான், அவன் லடாக்கில் இருக்கிறானா ராஜஸ்தானிலா என்று பெற்றவளுக்கே தெரியாது.

ஹோம் டிப்போவிலிருந்து கடிதங்கள் கப்பலில் லெ ஹாவ்ர், பூலோன், கலே துறைமுகங்களுக்கு, பிறகு ரயிலில், கடைசியில் சோற்று வண்டியோடு சேர்ந்து பதுங்குகுழிக்கு. லண்டனில் போட்ட கடிதம் இரண்டு மூன்று நாளில் முனையில் இருப்பவன் கையில் கிடைத்துவிடும். அவன் திருப்பி எழுதத் தபால்தலை வேண்டாம், இலவசம். குப்பைத்தொட்டிக்குள் கிடந்த என் பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எழுதியதையெல்லாம் அதிகாரி படிப்பார். தன் பிளாட்டூன் ஆட்களின் கடிதங்களை அவர்களுடைய இளம் லெப்டினன்டே படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பெண்டாட்டிக்கு எழுதியதை நாளைக்கு நமக்கு உத்தரவு போடுகிறவன் படிக்கிறான் என்றால் என்னத்தை எழுதுவது? அந்த மனக்குறைக்காகவே பிறகு பச்சை உறை என்று ஒன்று வந்தது. உள்ளே சொந்த விஷயம் மட்டும்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அங்கே பிரிக்க மாட்டார்கள், பின்னால் இருக்கும் தளத்தில் வேண்டுமானால் பிரிப்பார்கள். எழுத நேரமே இல்லாதவனுக்கு அச்சடித்த அட்டை ஒன்று. நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், உன் கடிதம் கிடைத்தது, பார்சல் கிடைத்தது என்று வரிசையாக வாக்கியங்கள் இருக்கும், வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போட வேண்டியதுதான். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினாலும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவோம் என்று மேலேயே எச்சரிக்கை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிகளில் ஒன்று, ரொம்ப நாளாக உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்பது. "இதையும் அச்சடிச்சு வச்சிருக்கான் பாரேன்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, ஹாஸ்டலில் இருந்தபோது நான் எழுதிய கடிதம் எத்தனை என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

மரணச் செய்தி விஷயம் அவரைத் தொந்தரவு செய்தது. அதிகாரி செத்தால் குடும்பத்துக்குத் தந்தி. சாதாரணச் சிப்பாய் செத்தால் பி.104-82 என்று எண் போட்ட ஒரு படிவம், பெயர் முதலிய விவரங்களை நிரப்பி, தபாலில். நம் பக்கம் தந்தி என்றாலே பிரித்துப் படிக்கும் முன்பே ஒப்பாரி வைத்துவிடுவார்கள், 2013இல் தந்தியை நிறுத்தும்வரை அந்தப் பயம் போகவில்லை. இங்கே ஏழை வீட்டுக்கு அதுகூட இல்லை, மற்ற கடிதங்களோடு ஒன்றாக அந்தப் படிவமும் கதவு இடுக்கு வழியாக விழுந்திருக்கிறது.

நம்மவர்கள் பற்றியும் கொஞ்சம். பிரான்சுக்கு வந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிக்கத் தனித் தணிக்கை அலுவலகமே பூலோனில் இருந்தது. பலருக்கு எழுதத் தெரியாது, இன்னொருவரை வைத்து எழுதுவார்கள். வெள்ளைக்காரன் படிப்பான் என்று தெரிந்து கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று ஜாடையாக எழுதியிருக்கிறார்கள், கறுப்பு என்றால் நம் ஆள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரன். தணிக்கைக்காரர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் இங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிரான்சுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகளும் கர்வாலிகளும் பட்டாணியர்களும். பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் படைப்பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்காவில் இறங்கி அடி வாங்கியது. அப்படி வெளிநாடு போன இந்தியப் படைகளுக்காக ஐந்தாம் ஜார்ஜ் தபால்தலையில் ஐ.ஈ.எஃப். (இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்) என்று மூன்று எழுத்தைக் குத்தி வெளியிட்டார்கள். பச்சை அரை அணாத் தலை ஒன்று அப்பாவிடம் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவுக்குள்.

இரண்டாம் போர்ப் பகுதியை வேகமாகப் பார்த்தோம், மகனுக்குப் பசி. விஷவாயு பட்டால் நிறம் மாறும் பெயின்ட்டைத் தபால்பெட்டியின் தலையில் பூசியது நினைவில் நிற்கிறது. அப்புறம் ஏர்கிராஃப், 1941இல் வந்தது. கடிதத்தைப் படம் பிடித்துச் சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பிரதி எடுத்துக் கொடுப்பது. 1,600 கடிதங்கள் 50 பவுண்ட் எடை என்றால் ஃபிலிமில் 5 அவுன்ஸ்தான்.

1909இல் வாக்குரிமை கேட்ட பெண்கள் இருவர் தங்களையே தபாலாகப் பதிவு செய்து பிரதமர் வீட்டுக்குப் போன கதையையும் தவற விடாதீர்கள். தந்திப் பையன் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தினான், உள்ளே இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. "'வாங்க மறுத்தார்'னு எழுதித் திருப்பியிருப்பான்" என்றார் அப்பா.

கடைசியாக, சுரங்க ரயில் இருக்கும் அந்தப் பக்கத்தில், ஓடுகிற ரயிலில் தபால் பிரிக்கும் பெட்டி மாதிரி ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். தரை ஆடும், எதிரே சதுரக் குழிகள், கையில் கடிதங்கள், நாம் பிரிக்க வேண்டும். குழந்தைகளுக்கானது. மகன் இரண்டு கடிதம் வைப்பதற்குள் தடுமாறிச் சிரித்தான். அப்பா ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் காலை அகட்டி நின்றார். இடது முன்கையில் கட்டு, வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார், கண் முகவரியைப் பார்க்கும்போதே முந்தின கடிதம் குழிக்குள் போய்விட்டிருந்தது. தரை ஆடியதே அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வரிசையில் நின்று பார்த்தது. முடித்துவிட்டு, "ஒரு குழி தப்பு" என்று அவரே எடுத்து மாற்றி வைத்தார்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நாலரை. ரயில் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடியிருக்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன் மறுபடி போக வேண்டும் என்கிறார் அப்பா. ரயிலுக்கு வேண்டாமாம், அந்த ஆடுகிற தரைக்கு மட்டும்.