ஹினாரி: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட வசதியில்லாத ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்காக, உலக சுகாதார நிறுவனமும் பெரிய பதிப்பகங்கள் சிலவும் சேர்ந்து 2002 ஜனவரியில் தொடங்கிய திட்டம் ஹினாரி. பல வருடங்களாக இதை நம்பித்தான் படிக்கிறேன். என் கணிப்பில் இது பெரிய உதவி. ஆனால் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாத உதவி.

கட்டுரையின் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2011இல் வந்த ஃபீஸ்ட் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியபோது, 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம்; அப்படி ஏற்றாதவர்களில் 7.3. சரி, என் முன்னால் படுத்திருக்கும் குழந்தை அந்த வகையா? நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 விநாடியோ அதற்கு மேலோ ஆகிறதா, கால் சில்லிட்டிருக்கிறதா, மணிக்கட்டு நாடி பலவீனமா என்று அவர்கள் எதையெல்லாம் பார்த்துச் சேர்த்தார்கள் என்பது முழுக் கட்டுரையில்தான் விரிவாக இருக்கிறது. இது பணம் கட்டாமலே படிக்கக்கூடிய, பூட்டில்லாத கட்டுரை. பூட்டியிருப்பவற்றுக்குத்தான் ஹினாரி வேண்டியிருக்கிறது.

புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டுக்கு நேராகப் போய்த் தேடினால், பூட்டிய கட்டுரைக்குப் பதிப்பகம் பணம் கேட்கும். ஹினாரிக்குள் நுழைந்து, அதன் வழியாக பப்மெட் போனால்தான் கட்டுரை திறக்கும்.

அடுத்து குறைகள். நிறுவனத்தின் பெயரில்தான் பதிய முடியும், தனி டாக்டருக்கு வழியில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் மாற்றலாகிப் போனதும் மாதக்கணக்கில் யாராலும் உள்ளே போக முடியவில்லை. அதைவிடப் பெரிய கவலை நாடுகளின் பட்டியல். ஏழை நாடுகளுக்கு இலவசம். கொஞ்சம் மேலே இருப்பவை வருடக் கட்டணம் கட்ட வேண்டும். 2011 தொடக்கத்தில் சில பதிப்பகங்கள் வங்கதேசத்துக்கு இதழ்களை நிறுத்தின. கண்டனம் எழுந்த பிறகே திரும்பக் கொடுத்தன. உயிர் காக்கும் தகவல் ஒரு நிறுவனத்தின் மனம் மாறுவதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

லைபீரியாவில் எபோலா இருக்கக்கூடும் என்று 1982லேயே ஐரோப்பிய இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். கொள்ளைநோய் வந்த பிறகு, 2015இல், அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் நியூயார்க் டைம்ஸில் அதைச் சுட்டிக்காட்டினார்கள்: அப்படியொரு கட்டுரையை இறக்க 45 டாலர், அங்குள்ள டாக்டரின் ஏறத்தாழ அரை வாரச் சம்பளம். அதைப் படித்ததிலிருந்து, என் கட்டுரைகளை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இதழ்களுக்கு மட்டுமே அனுப்புகிறேன். வெளியிட என்னிடம் கட்டணம் கேட்டால் விலக்குக்கு விண்ணப்பிக்கிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரி பதிவு செய்திருக்கிறதா என்று நாளைக்கே நூலகரிடம் கேளுங்கள். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.