ஷூக்கரா, மாண்ட்ஜுகிச்சா? குரோஷியாவின் இரண்டு ஸ்ட்ரைக்கர்கள்

குரோஷியக் கால்பந்து அணியின் சிறந்த ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதற்கென்றே முன்னால் ஆடுபவர், யார்? கோல் கணக்கை மட்டும் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. டாவோர் ஷூக்கர் குரோஷியாவுக்காக 69 ஆட்டங்களில் 45 கோல், மாரியோ மாண்ட்ஜுகிச் 89 ஆட்டங்களில் 33. 1998 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கியவர் ஷூக்கர். சிறந்த வீரருக்கான அந்த ஆண்டின் பாலன் டி ஓர் விருதில் பிரான்ஸின் ஜிடானுக்கு அடுத்த இடமும் அவருக்குத்தான். அப்படியிருந்தும் என் ஓட்டு மாண்ட்ஜுகிச்சுக்கே.

ஷூக்கரின் பலம் இடது காலும் பொறுமையும். கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். 1996 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) டென்மார்க் கீப்பர் ஷ்மைக்கேல் தலைக்கு மேல் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டது அந்தப் பொறுமையின் உச்சம். ஆனால் பந்து காலுக்கு வந்து சேர்ந்தால்தான் இந்த வித்தை எடுபடும். சக வீரர்களான போபனும் அசனோவிச்சும் நடுவிலிருந்து கொடுத்தார்கள், யார்னி இடது ஓரத்திலிருந்து கொடுத்தார். முப்பது வயதுக்குப் பிறகு வேகம் குறைந்ததும் ஆர்சனல், வெஸ்ட் ஹாம், 1860 மியூனிக் என அணிகள் மாறின. 2002 உலகக் கோப்பையில் அவருக்கு ஒரு கோல்கூட இல்லை.

பந்து காலில் இல்லாதபோது ஸ்ட்ரைக்கர் என்ன செய்கிறார்? எனக்கு முக்கியம் அதுதான். 2017 ஜனவரியில் இத்தாலியின் யுவென்டஸ் பயிற்சியாளர் அலெக்ரி 4-2-3-1 அமைப்புக்கு (பின்னால் நால்வர், நடுவில் இருவர், அவர்களுக்கு முன் மூவர், உச்சியில் ஒருவர்) மாறி, இன்னொரு ஸ்ட்ரைக்கரான ஹிகுவைனை உச்சியில் நடுவில் விட்டு மாண்ட்ஜுகிச்சை இடது ஓரத்தில் நிறுத்தினார். நடுவில் ஆடும் ஸ்ட்ரைக்கரை ஓரத்துக்குத் தள்ளுவது வீண் என்றுதான் முதலில் தோன்றும். நடந்ததோ வேறு. வலப்பக்கத்திலிருந்து உயரப் பந்து கோலின் தூரக் கம்பத்துக்கு வரும்போது, 1.90 மீட்டர் உயரக்காரரோடு எதிரணியின் ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாளர்) தலையால் மோத வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஆடுபவர்கள் பெரும்பாலும் குள்ளம். பந்து பறிபோனதும் மாண்ட்ஜுகிச் இடப்பக்கத் தடுப்பாளர் அலெக்ஸ் சாண்ட்ரோவுக்கு முன்னால் வரை ஓடி வந்து இறங்குவார், அணி 4-4-2 ஆக மாறிவிடும். இப்படி ஆடினால் சொந்தக் கோல் கணக்கு சரியும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டோடுதான் யுவென்டஸ் அந்தப் பருவத்தில் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை போனது. கார்டிஃபில் ரியால் மாட்ரிடிடம் 4-1 எனத் தோற்றாலும், யுவென்டஸின் ஒரே கோல் அவர் பின்னோக்கிச் சாய்ந்து தலைக்கு மேலாக உதைத்து அடித்தது.

2018 உலகக் கோப்பையில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நாக் அவுட்டில் குரோஷியா அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் கூடுதல் நேரம் ஆடியது. மூன்றாவதான இங்கிலாந்து அரையிறுதியின் 109-வது நிமிடத்தில், பெரிசிச் பின்னோக்கித் தலையால் தட்டிய பந்துக்கு டிஃபெண்டருக்கு முன்பே நகர்ந்து கோலடித்தவர் மாண்ட்ஜுகிச். பிரான்ஸுடனான இறுதியில் 18-வது நிமிடம் அவர் தலையில் பட்ட பந்து சொந்த வலைக்குள் போனது. 69-வது நிமிடத்தில், 4-1 எனப் பின்தங்கிய நிலையிலும் கீப்பர் லோரிஸை விரட்டிப் போய்க் காலை நீட்டிக் கோலாக்கினார். அதை விரட்டலுக்குக் கிடைத்த கூலி என்றே சொல்வேன்.

புகழைப் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டு ரசிகர்கள் இன்றும் முதலில் சொல்லும் பெயர் ஷூக்கராக இருக்கலாம். உள்நாட்டில், 2012 முதல் 2021 வரை கால்பந்து சங்கத் தலைவராக இருந்ததால் சங்கத்தின் மீதான கோபத்தில் ஒரு பங்கு அவர் மீதும் விழுந்தது. மாண்ட்ஜுகிச் 2018 இறுதியாட்டம் முடிந்த அடுத்த மாதமே தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார்.

ஒரே ஒரு பெனால்டியில்தான் ஆட்டம் என்றால் மட்டும் ஷூக்கரைக் கூப்பிடுவேன். 1998-இல் ருமேனியாவுக்கு எதிராக நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னபோதும், இரண்டு முறையும் வலைக்குள் போட்டவர் அவர்.