டெக்ஸ்சர் சீலிங்க மெஷின்ல தேய்ச்சு வழவழன்னு ஆக்கித் தரேன்னு யாராச்சும் வந்தா, டெபாசிட் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

பினாங்குல பழைய பிளாட், அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க, அதுலயும் ஃபார்லிம், ஜெலுத்தோங், குளுகோர் பக்கம் இருக்கிறவங்க தயவு செஞ்சு முழுசா படிங்க. தீபாவளிக்கு முன்னாடி எல்லாரும் பெயிண்ட் அடிக்கிற நேரம் இது, இந்த நேரத்துலதான் ஃபேஸ்புக்ல வரிசையா விளம்பரம் வருது, நீளமான கம்புல வட்டமா ஒரு தட்டு, அத சீலிங்ல வெச்சு ஓட்டினா சொரசொரப்பு எல்லாம் போயி பளிங்கு ஆயிடுதாம், தூசியே இல்லையாம், ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடுமாம். அத நம்பி எங்கம்மா வீட்டுக்கு ஒரு கொண்ட்ரேக்டர கூப்பிட்டு என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

அம்மா வீடு ஃபார்லிம்ல, 80கள்ல கட்டின பிளாட். ஹால் சீலிங் பூரா பொரி ஒட்டி வெச்ச மாதிரி ஸ்ப்ரே பண்ணியிருப்பாங்க, காங்கிரீட் ஸ்லாப் மேலயே நேரா அடிச்சது, அதுக்கு மேல வருஷா வருஷம் பெயிண்ட் ஏறி ஏறி கெட்டியா இருக்கும். ஹால்ல ஒரு சுவரும் ரோலர் டெக்ஸ்சர். உள் ரூம்ல மட்டும் அப்பா இருந்தப்போ பிளாஸ்டர் சீலிங் போர்டு போட்டு அதுக்கும் டெக்ஸ்சர் பெயிண்ட் அடிச்சாரு, அந்தக் காலத்துல அதுதான் ஃபேஷன். அம்மாவுக்கு ஆஸ்துமா. அந்தப் பொரி இடுக்குல ஒட்டட சேரும், தொடைக்கவும் முடியாது, விளக்கமாறு பட்டா பொடி கொட்டும். அதான் வழுவழுப்பா ஆக்கிடலாம்னு முடிவு பண்ணோம்.

வந்தவரு நம்ம ஆளுதான், நல்லா தமிழ் பேசுவாரு. வாசல்ல நின்னு சீலிங்க ஒரு தடவ பார்த்தாரு, ஏணி போட்டு தொட்டுக்கூட பார்க்கல, "கவலையே படாதீங்கக்கா, மெஷின் இருக்கு, காலையில வந்தா சாயங்காலம் முடிஞ்சிடும், தூசி எல்லாம் வேக்யூம் இழுத்துக்கும்"னாரு. ஹால் சீலிங், ஒரு சுவர், ரூம் சீலிங், பெயிண்டோட சேர்த்து 3,800 வெள்ளி (ரிங்கிட்), பாதி முன்பணம். கொட்டேஷன் கேட்டா வாட்ஸாப்ல ரெண்டு வரி வந்துச்சு, "சேண்டிங் பிளஸ் பெயிண்டிங் 3,800", அவ்வளவுதான். 1,900 வெள்ளிய அவரோட சொந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்பினேன், கம்பெனி அக்கவுண்ட்ல பிரச்சனைன்னாரு.

வேலைக்கு வந்தது அவரு இல்ல, வங்காளதேசத்து தம்பிங்க ரெண்டு பேரு. மெஷின் நிஜமாவே வீடியோல பார்த்த அதே மெஷின்தான், 225 மில்லிமீட்டர் தட்டு, நீளமான கழுத்து, தலைய சுத்தி பிரஷ். ஆனா அதுல மாட்டின வேக்யூம் வீட்டுல தரை கூட்டற சாதா வேக்யூம், அதோட பையில அந்த மாவு மாதிரி தூசி நிக்கவே நிக்காது, முன்னாடி இழுத்து பின்னாடி காத்தோட ஹால்லயே துப்பிக்கிட்டு இருந்துச்சு. அந்த தம்பிங்களுக்கு குடுத்திருந்தது மூணு மடிப்பு ஆஸ்பத்திரி மாஸ்க். சின்னவனுக்கு கண்ணிமை முடி வரைக்கும் வெள்ளை. நான் தண்ணி குடுத்தேன், பக்கத்து கடையில என்95 வாங்கிட்டு வந்து குடுத்தேன், பாவம், அந்தப் பையன் தினமும் இதத்தான சுவாசிக்கிறான்னு நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

கொஞ்ச நேரத்துல மெஷின் சத்தம் மாறிப்போச்சு. இறக்கி தட்ட திருப்பினா சேண்ட்பேப்பர் தெரியல, அது மேல பெயிண்ட் உருகி பிசினா உருண்டு உருண்டு அப்பிக்கிடந்துச்சு, நகத்தால கீறினா ரப்பரா உரியுது. புதுசு மாட்டுவாங்க, ஒரு கை அகலம் ஓட்டுவாங்க, மறுபடி அப்பிக்கும். டப்பாவுல இருந்த பேப்பர் தீர்ந்துபோயி கொண்ட்ரேக்டருக்கு போன் அடிச்சா அவரு கரகரப்பான 80 கிரிட் அனுப்பி வெச்சு "அழுத்தித் தேய்"ன்னு சொல்லிட்டாரு. அழுத்தினதும் என்ன ஆச்சுன்னா, பெயிண்ட் தாங்கின இடம் அப்படியே நின்னுச்சு, பெயிண்ட் விட்ட இடத்துல தட்டோட ஓரம் உள்ள இறங்கி கடிச்சு, அரை வட்டம் அரை வட்டமா பள்ளம், சில இடத்துல காங்கிரீட் சாம்பல் கலர்ல எட்டிப்பார்க்குது. ரூம்ல இன்னும் மோசம். பிளாஸ்டர் போர்டுக்கு மேல ஒரு பேப்பர் இருக்கும், அதுதான் போர்டுக்கு பலமே. அந்த பேப்பர மெஷின் உரிச்சு எடுத்துடுச்சு, பழுப்பு நிறத்துல பஞ்சு பஞ்சா எழும்பி நிக்குது, போர்டு சேர்ற இடத்துல ஒட்டின டேப் பிஞ்சு தொங்குது.

தூசிய பத்தி தனியா சொல்லணும். ஏர்கோன் மேல ஒரு பிளாஸ்டிக் கூட போடல, கதவுக்கு கான்வாஸ் கட்டல. சாமி மேடையில குத்துவிளக்கு திரி மேல ஒரு படலம், அரிசி டின் மூடி இடுக்குல, மடிச்சு வெச்ச சேலை உள்மடிப்புல, எல்லா இடத்துலயும். காரிடார் வழியா பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (அம்மா) காயப்போட்ட துணி வரைக்கும் போயி அவங்க மேனேஜ்மெண்ட் ஆபிஸ்ல சொல்லி, பிளாட்ட நிர்வாகம் பண்ற ஜேஎம்பி ஆளு வந்து வேலைய நிறுத்தச் சொல்லிட்டாரு. அம்மாவ தங்கச்சி வீட்டுக்கு பட்டர்வொர்த்துக்கு முன்னாடியே அனுப்பி வெச்சிருந்தோம், இல்லேன்னா அன்னிக்கு என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே முடியல. திரும்பி வந்தப்புறமும் இருமல் விடல, ஏர்கோன் கழட்டி கெமிக்கல் சர்விஸ் பண்ணினப்புறம்தான் கொஞ்சம் அடங்குச்சு.

அடுத்த நாள் கொண்ட்ரேக்டர் நேர்ல வந்தாரு. பள்ளத்த காட்டினா "ரெண்டு கோட் பெயிண்ட் போனா மறைஞ்சிடும்க்கா". பெயிண்ட்டுக்குன்னு இன்னொரு 1,000 வெள்ளி வாங்கினாரு. அடிச்சாங்க. மத்தியானம் பார்க்க பரவால்ல, சாயங்காலம் பால்கனி பக்கத்துலருந்து வெளிச்சம் சாய்வா விழுந்ததும் சீலிங் பூரா அலை அலையா வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நிழல். டார்ச்ச சுவரோட ஒட்டி படுக்க வெச்சு அடிச்சு வீடியோ எடுத்து அனுப்பினேன். அதுக்கு அவரு சொன்னது என்ன தெரியுமா, "இதுக்கு ஸ்கிம் கோட் போடணும்க்கா, அது தனி, 2,500 ஆவும்". ஸ்கிம் கோட்னா மட்டமாக்கறதுக்கு மெல்லிசா இழுக்கிற பூச்சு. அப்ப அது வேணும்னு மொதல்லயே தெரியும்தான? தெரிஞ்சும் சொல்லாம மெஷின்ல முடியும்னு காசு வாங்கினதுக்கு பேரு என்ன? அது கேட்டதும் என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு.

அப்புறம் ஜெலுத்தோங்ல ரொம்ப வருஷமா பிளாஸ்டர் வேலை பாக்கிற ஒரு சீன அங்கிள கூட்டிட்டு வந்து காட்டினோம். அவரு ஏணியில ஏறி விரல் நகத்தால சுரண்டி பார்த்துட்டு, "இது பெயிண்ட் போட்ட டெக்ஸ்சர், இத எவன் கோசோக் பண்ணான் (தேய்ச்சான்)"னு மலாய்ல கேட்டாரு. அவர் சொல்லித்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. அந்த மெஷின் மேல தப்பு இல்ல, அது ஸ்கிம் கோட் போட்டு காஞ்சப்புறம் அத மட்டம் பண்ணறதுக்குன்னே இருக்கிற மெஷின், 180, 220ன்னு நைசான பேப்பர் போட்டு லேசா தடவுவாங்க, மெதுவான சுண்ணாம்பு மாவு மாதிரி வரும், சரியான வேக்யூம் இருந்தா இழுத்துக்கும். விளம்பர வீடியோவ திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதுல இருக்கிறது புது ஸ்கிம் கோட் சுவர்! டெக்ஸ்சரே இல்ல. அந்த வீடியோவ காட்டித்தான் எல்லாரையும் ஏமாத்தறாங்க.

டெக்ஸ்சர எடுக்க வழி வேற. பெயிண்ட் படாத டெக்ஸ்சர்னா தண்ணி ஸ்ப்ரே பண்ணி ஊற விட்டு ஸ்கிரேப்பர்ல ஈரமாவே வழிச்சு எடுக்கலாம், தூசி பறக்காது. பெயிண்ட் ஏறினதுக்குள்ள தண்ணி இறங்காது, தேய்ச்சா சூட்டுல பெயிண்ட் இளகி பேப்பர அடைக்கும், எங்க வீட்டுல நடந்தது அதேதான். அதுக்கு துருத்திக்கிட்டு இருக்கிற முனைய மட்டும் ஸ்கிரேப்பர்ல தட்டி விட்டு, சீலர் அடிச்சு, மெல்லிசா ரெண்டு கோட் ஸ்கிம் கோட் இழுத்து பள்ளத்த நிரப்பணும், ஒரு கோட் நல்லா காஞ்சப்புறம்தான் அடுத்தது, கடைசியிலதான் மெஷின். ஒரே நாள்ல முடியவே முடியாது. நம்ம ஊரு ஈரக் காத்துல அதுவும் மழைக் காலத்துல காயறதுக்கே டைம் எடுக்கும்.

இதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அங்கிள் தயங்கித் தயங்கிதான் கேட்டாரு, "டெஸ்ட் பண்ணீங்களா?" பழைய காலத்து ஸ்ப்ரே டெக்ஸ்சர்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவுல 1970கள் கடைசியிலேயே இந்த மாதிரி சீலிங் ஸ்ப்ரேவுக்கு தடை போட்டாங்க, பிரிட்டன்ல 1999லதான் ஆஸ்பெஸ்டாஸ முழுசா நிறுத்தினாங்க. அந்த நார் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரல்ல போயி உக்காந்தா 20, 30, 40 வருஷம் கழிச்சுகூட கேன்சரா வெளிய வரலாம். அத மெஷின் வெச்சு காய்ஞ்சபடியே தேய்க்கிறது இருக்கே, அதவிட மோசமா எதுவும் பண்ண முடியாது, வீடு பூரா நார பரப்பி விட்டுடும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லேன்னாலும் சிமெண்ட், காங்கிரீட் தூசியில சிலிக்கா இருக்கு, அதுவும் நுரையீரலுக்கு எமன், ரொம்பப் பழைய பெயிண்ட்டுன்னா ஈயமும் இருக்கலாம்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஒரு மூலைல தேய்க்காம விட்டிருந்த இடத்துல அங்கிள் தண்ணி தெளிச்சு ஒரு துண்டு எடுத்து ரெண்டு பைக்குள்ள போட்டு குடுத்தாரு, லேப்புக்கு அனுப்பினோம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லன்னு ரிசல்ட் வந்துச்சு. கடவுள் புண்ணியம். ஆனா அந்த கொண்ட்ரேக்டருக்கு அது தெரியாது, அவரு கேக்கவே இல்ல, வீடு எந்த வருஷம் கட்டினதுன்னுகூட கேக்கல. அடுத்த வீட்டுல அது இருந்தா? அந்த சின்னப் பையன் நிக்கிற வீட்டுல அது இருந்தா? இதத்தான் என்னால மன்னிக்க முடியல, காசு போனத விட.

மொத்தமா அவருக்கு போனது 2,900 வெள்ளி. அங்கிள் போர்டு ரெண்டு மாத்தி, மீதிய ஸ்கிம் கோட் பண்ணி பெயிண்ட் அடிக்க 4,600 ஆச்சு, ஏர்கோன் சர்விஸ் தனி. இப்ப பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல, அதான் டிரிபியூனல் துன்துத்தான் பெங்குனாவுல, கேஸ் போட்டிருக்கேன். நிறைய பேருக்கு இது தெரியல, 50,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், ஃபீஸ் 5 வெள்ளிதான், லாயர் வெக்கத் தேவையில்ல, பிரச்சனை நடந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா எதிராளியோட பேரு, அட்ரஸ் வேணும், வாட்ஸாப் நம்பர மட்டும் வெச்சுக்கிட்டு நோட்டீஸ் அனுப்ப முடியாது. எங்களுக்கு கை குடுத்தது ஜேஎம்பி ஃபார்ம்தான், ரெனோவேஷன்னா கார்ட் ஹவுஸ்ல கம்பெனி ரிஜிஸ்டர் நம்பரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் எழுதினாதான் உள்ள விடுவாங்க, அத வெச்சு கம்பெனிகள பதிவு பண்ற எஸ்எஸ்எம்ல தேடி அட்ரஸ் எடுத்தோம். அதனால உங்க மேனேஜ்மெண்ட் ஃபார்ம் கேட்டா அலுத்துக்காதீங்க, அது உங்களுக்கு சாட்சி. எப்படி எழுதறதுன்னு தெரியலேன்னா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல கேளுங்க, தமிழ்லயே பேசலாம்.

யாராச்சும் வந்தா இதெல்லாம் கேளுங்க: பெயிண்ட் ஏறின டெக்ஸ்சர எப்படி எடுப்பீங்க, ஸ்கிம் கோட் எத்தன கோட், விலையில சேர்த்தியா, வேக்யூம்ல நைசான தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் இருக்கா, கதவையும் ஏர்கோனையும் எத வெச்சு மூடுவீங்க, கட்டுமானத் துறை வாரியம் சிஐடிபியோட பதிவு நம்பர் என்ன. இத எல்லாம் பேப்பர்ல எழுதி கம்பெனி முத்திரையோட தரச் சொல்லுங்க, காசு கம்பெனி அக்கவுண்ட்டுக்கு மட்டும். "மெஷினே பாத்துக்கும்"னு பதில் வந்தா கதவ சாத்திடுங்க. பழைய வீடுன்னா டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் சீலிங்க சுரண்ட விடாதீங்க.

ஆள் பேரு இங்க போடல, கேஸ் நடக்குது. ஆனா நீளக் கழுத்து மெஷின் வீடியோ, "தூசி இல்லாத ஒரே நாள் சேவை"ன்னு தமிழ்ல விளம்பரம், சொந்த அக்கவுண்ட்டுக்கு டெபாசிட், இந்த மூணும் உங்களுக்கும் நடந்திருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. வாட்ஸாப் மெசேஜ், டிரான்ஸ்பர் ஸ்லிப், சீலிங் படம் எதையும் அழிச்சிடாதீங்க. எப்படி கேஸ் போடறதுன்னு நான் ஃபார்ம் நிரப்பினத காட்டறேன்.