பழுப்புச் சாயமா, ஒளிரும் சாயமா?

பொரளையில் ஆய்வுகூட வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி கேட்டாள்: "அக்கா, புரோஸ்டேட் திசுவில் புற்றுக்குறிகளை, அதாவது புற்றுநோயை அறிய உதவும் புரதங்களை, பார்க்கப் பழுப்புச் சாயமா, ஒளிரும் சாயமா நல்லது?"

செலவு: பழுப்புக்குச் சாதாரண நுணுக்குக்காட்டி போதும். ஒளிர்வுக்குத் தனி விளக்கு, வடிகட்டி, இருட்டறை வேண்டும்.

ஆயுள்: பழுப்பு பல வருடம் நிற்கும். ஒளிர்வு வெளிச்சம் பட்டுப்பட்டு மங்கும். உடனே படம் எடுத்துவிடு.

அளவீடு: இங்கேதான் ஒளிர்வு முந்துகிறது. ஒரே சிலைட்டில் பி63 (நல்ல சுரப்பியைச் சுற்றியிருக்கும் அடிக்கலங்களின் புரதம்) பச்சையாகவும் ஏஎம்ஏசிஆர் (புற்றுக்கலங்களில் கூடும் புரதம்) சிவப்பாகவும் தெரியும். சுரப்பியைச் சுற்றிய பச்சைப் புள்ளிகள் காணாமல் போய், உள்ளே சிவப்பு ஏறியிருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். பிரகாசத்தை எண்ணாகவும் எடுக்கலாம். பழுப்பின் கருமையோ குறியின் அளவுக்கு நேர்விகிதமாக அதிகரிப்பதில்லை. ஆனால் திசு தானாகவும் ஒளிரும். சாயமிடாத சிலைட் ஒன்றைக் கட்டாயம் பக்கத்தில் வை.

அன்றாட அறிக்கைக்குப் பழுப்பே சரி. பல குறிகளை அளக்கும் ஆய்வென்றால் ஒளிர்வைத்தான் எடுப்பேன்.