உல்லையில் இரண்டு நாள், வாவியில் பன்னிரண்டு காலை

போன வருசம் ஓகஸ்ட் லீவு தொடங்க முதலே மகள் சொல்லிவிட்டாள்: இந்த முறை கொழும்புக்கும் வேண்டாம், கண்டிக்கும் வேண்டாம், இதுவரை செய்யாத ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். அவளுக்குப் பதின்மூன்று வயது. கூடவே என் அண்ணன் மகனும் வந்து நின்றான், அவனுக்குப் பதினைந்து. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். அந்த லீவில் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழகிப் பார்த்தோம், மட்டக்களப்பு வாவியில் கயாக் வலித்துப் பார்த்தோம். இந்த வருசம் எதற்குப் போகலாம் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். நான் வாவியின் பக்கம். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பாசிக்குடாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கடல் கிடையாது. ஆனால் நாங்கள் பிறந்த நாளிலிருந்து போய்வருகிற இடம், அதில் புதிதென்று எதுவும் இல்லை. போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்: காற்றடைத்த ரியூப்பில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கரையில் இருந்து கதைக்காதீர்கள். இந்த மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குத்தான் தள்ளும். ரியூப் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

மட்டக்களப்புக்கு வெளியே கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க முடியுமா என்று மருமகன், அதுதான் அண்ணன் மகன், கேட்டான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் அது. ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற சுழியோடிகளின் வேலை. முதல் தடவை கடலுக்குள் தலையை விடுகிற எங்களுக்கு அது சரிவராது.

ஆக, மிஞ்சியது இரண்டு.

அறுகம்பேயை ஊர்ச்சனம் உல்லை என்றுதான் சொல்லும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று பஸ் நின்று நின்று போகும், பொத்துவிலில் இறங்கி ஓட்டோ பிடிக்க வேண்டும். சித்திரை கழிந்து ஐப்பசி வரைக்கும் அங்கே அலைக்காலம். தெற்கே, இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் குளிர்காலப் புயல்கள் கிளப்பிவிடும் அலை அத்தனை தூரம் ஓடிவந்து, இங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் தட்டி, ஒரு பக்கமாக ஒழுங்காக மடிந்துகொண்டே போகும். அந்த ஒழுங்குக்காகத்தான் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெரிய முனையில் அடியில் கல்லும் முருகையும் இருப்பதால் பழகுகிறவர்களை அங்கே விடுவதில்லை. மணல் அடியுள்ள பக்கத்தில், கரைக்கு வரும் நுரை அலையில்தான் பாடம்.

பாடம் சொல்லித் தந்தவர் பொத்துவில் இளந்தாரி. முதலில் மணலில் பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்க வைத்து, கையை நெஞ்சுப் பக்கத்தில் ஊன்றி ஒரே துள்ளலில் எழும்பப் பழக்கினார். மறுகா தண்ணீருக்குள். நெஞ்சளவு ஆழத்தில் அவர் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அலை வரும்போது தள்ளிவிடுவார். நான் ஒவ்வொரு முறையும் எழும்பியதும் கவிழ்ந்தேன். ஏழாவதோ எட்டாவதோ முறை அவர் சொன்னார்: “அக்கா, பலகையப் பாக்காதீங்க. கரையில அந்தத் தென்னையப் பாருங்க.” அடுத்த அலையில் தென்னையைப் பார்த்தேன். கால் நின்றது. பலகைக்குக் கீழே தண்ணீர் சரசரவென்று ஓடுவது உள்ளங்காலில் தெரிந்தது. மூன்று, நான்கு விநாடி இருக்கும். நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு சந்தோசம் உடம்புக்கு வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. வாவியில் அப்படிப்பட்ட ஒரு கணம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண்கள் இறங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக இறங்கலாம். அறுகம்பேயில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் தொடங்கியது, அந்த ஊர்ப் பெண்களே நடத்துகிறார்கள். முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போனோம். வெயிலுக்கும் நல்லது, பலகை உரசி நெஞ்சும் முழங்காலும் எரியாமல் இருக்கவும் நல்லது.

பின்னே ஏன் வாவி?

பஸ்ஸில் திரும்பி வரும்போது, கல்முனை தாண்டியிருக்கும், மகள் தோளில் சாய்ந்தபடி கேட்டாள்: “அம்மா, மறுகா எப்ப வாறம்?” எனக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் எனக்குத் தீர்ப்பைச் சொன்னது.

புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது வேறு, அது நம்முடையதாகிப் போவது வேறு. முதல் தடவையில் பயம்தான் பாதி நேரத்தைத் தின்றுவிடும். இரண்டாம் தடவையில் கைகால் எங்கே என்று தெரியவரும். சுற்றிவரப் பார்க்க நேரம் கிடைப்பது நான்காம் ஐந்தாம் தடவையில்தான். அலைச்சறுக்கில் இரண்டு மணிநேரப் பாடத்தில் உண்மையில் பலகையில் நிற்கிற நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிசம் தேறாது. மிச்சமெல்லாம் விழுவது, எழும்புவது, அடுத்த அலைக்குக் காத்திருப்பது. உடம்பு பழக வேண்டுமென்றால் நாள் விடாமல் போக வேண்டும். நல்ல அலை விடியற்காலையில், காற்று எழும்ப முன்னர். மட்டக்களப்பிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே அறை எடுக்க வேண்டும். சீசனில் அறை வாடகை, பலகை வாடகை, பாடக் காசு, மூன்று பேரின் சாப்பாடு. அலைக்காலம் முடிந்து அடுத்த வருசம் போனால் பிள்ளை மறுபடி மணலில் குப்புறப் படுத்துத்தான் தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் கணக்குப் பார்த்தேன். உல்லையில் இரண்டு நாளுக்குப் போன காசு, கல்லடியில் கயாக் வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு காலை இறங்கவும் போதுமாக இருந்தது, கொஞ்சம் மிச்சமும் வந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணிநேரம். ஐந்தரைக்கு எழும்பினால் ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்கலாம், எட்டரைக்கு வீட்டில் புட்டும் சம்பலும். லீவெடுக்கத் தேவையில்லை, பள்ளி தொடங்கினாலும் சனி ஞாயிறு இருக்கிறது. ஒரு நாள் சரிவரவில்லை என்றால் கவலை இல்லை, நாளைக்குப் போகலாம். உல்லையில் இரண்டாம் நாள் மருமகனுக்குக் காதுக்குள் தண்ணீர் போய் வலித்தது. காசு கட்டியாயிற்றே என்று அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். அப்படி இறங்கவிட்டது இன்னும் எனக்கு மனதில் உறுத்துகிறது. வாவியில் அந்த அவசரமே வரவில்லை.

வாவி நாங்கள் நினைப்பதைவிடப் பெரியது. வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை ஐம்பத்தாறு கிலோமீற்றர். இதன் மேலே பாலத்தால் தினமும் போய்வந்தோமே தவிர, தண்ணீர் மட்டத்தில் இருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் நகரின் நடுவிலுள்ள புளியந்தீவு உண்மையாகவே தீவாகத் தெரியும். கண்டல் பற்றைக்குள் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவிட்டிருக்கும். வீச்சுவலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை எறியும்போது அது வட்டமாக விரிந்து விழுகிற சத்தம், மழை ஒரே இடத்தில் பெய்தது போலக் கேட்கும்.

இருவர் இருக்கும் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளத்தைப் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திருப்ப வேண்டும். முதல் இரண்டு காலையும் மகளும் அவளுடைய மச்சானும் சண்டை. அவள் வலம் போட இவன் இடம் போட, துடுப்போடு துடுப்பு முட்டி, பாம்பு போன தடம் போல வளைந்து வளைந்து போனார்கள். கையால் மட்டும் இழுத்ததில் தோள்மூட்டு நோவு வேறு. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி வலிக்க வேண்டும் என்பது மூன்றாம் நாளில்தான் பிடிபட்டது. ஆறாம் காலை நான் தனிக் கயாக்கில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வித்தியாசம் காதில் பட்டது: அவர்களுடைய இரண்டு துடுப்பும் தண்ணீரில் ஒரே சத்தமாக விழுந்தது. இருவரும் கதைக்கவில்லை. கயாக் நேராகப் போனது. இரண்டு நாள் பயணத்தில் இதைப் பார்த்திருக்க முடியாது.

பாடும் மீனையும் தேடினோம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பது நாங்கள் எல்லோரும் வளர்ந்த கதை. அருட்தந்தை லாங் அந்த ஓசையைப் பதிவு செய்ததும், அது வானொலியில் ஒலிபரப்பானதும் ஊருக்குத் தெரியும். பிள்ளைகளோடு இரவில் இறங்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரு காலையில் மகள் துடுப்பை நட்டு, குனிந்து காதை வைத்தாள். முகத்தில் தண்ணீர் வழிய வெகுநேரம் இருந்தாள். மீன் பாடவில்லை. எங்கோ தூரத்தில் போன என்ஜின் போட் மட்டும் கேட்டதாம். “இன்னொரு நாள் கேக்கும்” என்றாள்.

இனிக் காற்று. கச்சானை மதிக்காமல் வாவிக்குள் இறங்கக் கூடாது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகி எங்களிடம் வருகிறது. அதுதான் கச்சான். விடியற்காலை வாவி எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். இரண்டாம் நாள் நாங்கள் பத்து மணிக்கு இறங்கினோம், பிழை என்னுடையது. அரை மணிநேரத்தில் சிற்றலை எழும்பிக் கயாக்கின் பக்கவாட்டில் அடித்தது. மூக்கு தெற்கே நிற்க மாட்டேன் என்று கிழக்கே திரும்பியது. கடைசியில் காத்தான்குடிப் பக்கக் கரையில் ஒதுங்கி, முழங்கால் சேற்றில் கயாக்கை இழுத்துக்கொண்டு நடந்தோம். அங்கே வலை தட்டிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் சொன்னார்: “காலம்பற வாங்க புள்ள. கச்சான் எழும்பினா தோணியே நிக்காது.”

அன்றைக்குத்தான் இன்னொன்றும் விளங்கியது. இந்தக் காற்று வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வீசுகிறது. அதாவது கை சோர்ந்துபோனாலும் அது எங்களை எங்கள் வீட்டுப் பக்கக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். கடற்கரையில் இதே காற்று ஆளை நடுக்கடலுக்குத் தள்ளும். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையை வைத்திருக்கிற எனக்கு இந்த வித்தியாசம் பெரிது.

முதலை விசயத்தை மறைக்க மாட்டேன். வாவியில் முதலை இருக்கிறது. ஒவ்வொரு காலையும் இறங்க முன்னர் மீன்பிடிகாரரிடம் கேட்போம், அவர்கள் அந்தப் பக்கம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பற்றை மண்டிய கரையில் ஏறி இறங்குவதில்லை, காலைத் தண்ணீரில் தொங்கவிடுவதில்லை, பொழுதுபடும் நேரத்தில் இறங்குவதில்லை. உயிர்காப்பு அங்கியின் கொளுக்கியை நானே ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்ப்பேன். முதல் நாள் வாடகைக்குத் தந்த மூன்றில் ஒன்றின் கொளுக்கி உடைந்திருந்தது. மாற்றித் தரும்வரை இறங்க மாட்டோம் என்று நின்றோம். நீங்களும் அப்படியே நில்லுங்கள்.

மாரியில் நான் வாவிக்குள் இறங்கியதில்லை. வெள்ளம் ஏறி முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் நீர் கடலை நோக்கி இழுக்கும், அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டேன். அதே போல உல்லையைப் பற்றி நான் சொல்வது இரண்டே நாளின் கதை. ஒரு கிழமை தங்கிப் பழகியவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும், அவர்கள் சொல்வதற்கு என் பேச்சைவிட நிறை அதிகம். நீங்கள் திருக்கோவிலிலோ கோமாரியிலோ பொத்துவிலிலோ இருந்தால் என் கணக்கு முழுவதும் தலைகீழ். உங்களுக்கு உல்லைதான் சைக்கிள் தூரம், விடியற்காலை அலை உங்களுடையது. இந்த லீவிலேயே தொடங்குங்கள்.

எங்களுக்கு இந்த வருசம் ஒரு திட்டம் இருக்கிறது: தெற்கே வலித்துக்கொண்டு மண்முனைப் பாலம் வரைக்கும் போவது. 2014இல் பாலம் திறக்க முன்னர் பாதைப் படகில்தான் அந்தத் துறையைக் கடந்து கொக்கட்டிச்சோலைக் கோவிலுக்குப் போவோம், நான் பிள்ளையாக இருக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம். போகும்போது வலிப்போம், திரும்புவதற்கு கயாக்கை ஏற்ற ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை, காற்று விட்டால்.